இரண்டு பொட்டலத்திலும் அரளி

தை மாதம் கடைசி வெள்ளிக்கிழமை காலையில், மயிலாப்பூரில் நம் தெருக்கோடி அம்மன் கோவிலில் இருந்தவர்கள்: உன் அப்பா, அவருடைய தங்கையான உன் தனம் அத்தை, உன் தங்கை விசாலம், அவள் பெண் பட்டு, வயது ஐந்து, கோவில் குருக்கள், நான். ஆக ஆறு பேர். வேறு யாரும் இல்லை. தம்பி, உன் அப்பா எழுதும் பத்திரங்களில் சாட்சிகளின் பேர் கடைசியில்தான் வரும். ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலிலிருந்து அவர் கொண்டுவந்து போடும் கெட்டுப்போன நகல்களைப் பார்த்துத்தான் நான் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். ஆகையால் எனக்கும் சாட்சி எழுதாமல் எதையும் எழுத வராது. இந்தக் கடிதத்தில் மட்டும் அவர்களை முதலில் வைக்கிறேன். அந்த ஐந்து பேர் கண்ணெதிரே நான் ஒரு மோசம் செய்தேன். எழுதி முடித்ததும் அவர்களை உட்கார வைத்துப் படித்துக் காட்டிவிட்டுத்தான் உறையில் போடப் போகிறேன். நீயும் இதை மடித்து ஒளித்து வைக்காதே. கமலத்தைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி வாய்விட்டுப் படி.

மார்கழியில் மலாயாவிலிருந்து உன் கடிதம் வந்தபோது உள்ளே ஒரு வரைபடமும் இருந்தது. ஈப்போவில் நீ வாங்க நினைத்த வீடு. சர்வே ஆபீசில் பிறத்தியார் நிலத்தையெல்லாம் வரைகிற கையால் முதல் தடவையாக உனக்கென்று ஒன்றை வரைந்திருந்தாய். பலகை வீடு, செங்கல் தூண்கள் மேல் நிற்கிறது, துத்தநாகத் தகடு வேய்ந்த கூரை, கொல்லையில் இரண்டு ரம்புத்தான் பழமரம். வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துப் பெரியவர், ரெயில்வே வேலை முடிந்து ஊருக்குத் திரும்புகிறார், ரப்பர் விலை விழுந்து கிடப்பதால் கேட்பாரில்லை, உன் சம்பளத்துக்கு எட்டும் விலைக்கே தர ஒப்புக்கொண்டார் என்று எழுதியிருந்தாய். இப்போது இருக்கிற மாடி அறைக்குக் கீழே தகரக் கடை. விடிந்தால் தட்டல் தொடங்கிவிடுகிறது, குழந்தை தூக்கத்தில் தூக்கிப் போட்டு அழுகிறாள், கமலம் மறுபடியும் முழுகாமல் இருக்கிறாள், மாடிப்படி செங்குத்து என்றும் எழுதியிருந்தாய். கடைசியில், "அம்மாவும் அப்பாவும் சரி என்றால் முன்பணம் கொடுத்துவிடுவேன்" என்று ஒரு வரி. அந்த ஊர்க் காசை வெள்ளி வெள்ளியாகச் சேர்த்து வைத்தவன், எங்களைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லாதவன், கேட்டாய்.

உன் அப்பா படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தார். "சமையலறையை அக்கினி மூலையிலே போட்டிருக்கான் பாரு, மறக்கலை" என்றார். நான் பார்த்தது வேறு. கிழக்குப் பக்கம் சின்னதாக ஒரு அறை போட்டு, அதில் 'அப்பா அம்மா' என்று எழுதியிருந்தாய். வேறொரு அம்மாவாக இருந்தால் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள். எனக்கு அது வந்து போகிறவர்களுக்கு ஒதுக்குகிற இடமாகப் பட்டது. இத்தனை வருஷமும், பையன் சம்பாதித்துக்கொண்டு திரும்புவான், நாம் இந்த வாடகை வீட்டிலேயே காத்திருந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். வீடு வாங்குகிறவன் திரும்புகிறவன் இல்லை. அதை அந்தக் காகிதம் எனக்குச் சொல்லிவிட்டது. இன்னும் பச்சையாகவே எழுதுகிறேன்: நாளைக்கு எங்களுக்குக் கொள்ளி வைக்கக் கப்பல் ஏறி வந்து சேருவானா என்றுதான் முதலில் நினைத்தேன். உன் குழந்தையின் தூக்கத்தை நான் நினைக்கவே இல்லை.

அப்பாவுக்கு வாங்கலாம் என்றுதான் எண்ணம். நான்தான், "அம்மன்கிட்ட பூ வெச்சுக் கேட்டுடலாம், நமக்கு எதுக்கு யோசனை?" என்றேன். நம் வீட்டில் அதற்கு மேல் பேச்சுக் கிடையாதே. வெள்ளை வந்தால் வாங்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று வைத்துக்கொண்டோம். பொட்டலம் கட்டுவது எப்போதும் நான்தான். வியாழக்கிழமை சாயங்காலம் குளத்தங்கரையில் பூக்காரி குப்பம்மாவிடம் சிவப்பு அரளி மட்டும் வாங்கினேன். அவள் கூடையைத் தள்ளிக் காட்டினாள். "இன்னாம்மா, நாளைக்கு சாமிகிட்ட பூ வெச்சிக் கேக்கப் போறேன்னியே, வெள்ளை வாணாமா? நந்தியாவட்டை இப்பத்தான் பறிச்சிக்கினு வந்தேன்" என்றாள். வீட்டிலே இருக்கிறது என்றேன். "எந்த வூட்ல? உங்க வூட்ல தொளசிய வுட்டா வேற செடி இன்னா கீது?" என்று சிரித்தாள். நான் காசைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டினேன்.

மறுநாள் விடியலில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரப் புடவையோடு, சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு வாழை இலைத் துண்டு எடுத்தேன். இரண்டிலும் அரளியை வைத்தேன். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நாரால் கட்டினேன். கை நடுங்கவில்லை, தம்பி. நடுங்கியது என்று எழுத ஆசையாக இருக்கிறது, நடுங்கவில்லை.

கோவிலில் குருக்கள் கற்பூரம் காட்டிவிட்டு, பொட்டலங்களை அம்மன் பாதத்தில் போட்டு, பட்டுவைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார். குழந்தை வெகு நேரம் யோசித்து ஒன்றை எடுத்தாள். பிரித்தார். சிவப்பு. உன் அப்பா கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார். விசாலம், "பாவம் அண்ணன்" என்றாள். பட்டு என் புடவையை இழுத்து, "இன்னொண்ணுலே என்ன கலரு ஆயா?" என்று கேட்டாள். தனம் அத்தையும், "ஆமா அண்ணி, அதையும் பிரிச்சுக் காட்டு, குழந்தை கேக்குது" என்றாள். அதற்குள் நான் அதை எடுத்து முந்தானையில் முடிந்துவிட்டேன். "உத்தரவு கொடுத்தப்புறம் இன்னொண்ணைப் பிரிச்சா அம்மனைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகாதா?" என்றேன். குருக்களும், "அம்மா சொல்றது சரி" என்றார். அவர் அப்படிச் சொன்னபோதுதான் முதல் தடவையாக எனக்குக் குப்பென்று வேர்த்தது. திரும்பி வரும் வழியில் அந்தப் பொட்டலத்தைக் கிணற்றில் போட்டேன். அன்று சாயங்காலமே உன் அப்பா, 'அம்மனின் உத்தரவு இல்லை' என்று உனக்குக் கடிதம் எழுதி, தன் கையாலேயே தபாலில் சேர்த்தார்.

உன் பதில் மாசி நடுவில் வந்தது. கோபமாக நாலு வரி எழுதியிருந்தாலும் தாங்கியிருப்பேன். "அம்மா கட்டிய பொட்டலம், அதற்கு மேல் எனக்கு வேறு வாக்கு வேண்டாம்; பெரியவரிடம் சொல்லிவிட்டேன், அவர், பங்குனி முடிய இங்கேதான் இருப்பேன், மனசு மாறினால் வா என்றார், மாறாது என்று சொல்லிவிட்டு வந்தேன்" என்று எழுதியிருந்தாய். கீழே கமலம் தன் கோணல் எழுத்தில், "அத்தை, எங்களுக்காகக் கோவிலுக்குப் போனதற்கு நமஸ்காரம். மாடிப்படிக்கு ஒரு கயிறு கட்டிக்கொண்டோம், பயம் இல்லை" என்று சேர்த்திருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறுகிறாள், அதற்காக எனக்கு நமஸ்காரம் சொல்கிறாள். அந்த வரியை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது.

ஏன் செய்தேன் என்று நீ கேட்பாய். இது முதல் தடவை இல்லை என்பதிலிருந்து சொல்லுகிறேன். உனக்கு நினைவிருக்கும், நீ பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம், மாம்பலத்து ஏரியை வற்றவைத்து மனை போடுகிறார்கள் என்று உன் அப்பா ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். ஆயிரம் பேருக்கு வீட்டுப் பத்திரம் எழுதியவருக்குத் தன் பேரில் ஒன்று எழுதிப் பார்க்க ஆசை. ஜட்கா வைத்துக்கொண்டு மூன்று பேரும் போய்ப் பார்த்தோம். சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது, எங்கே பார்த்தாலும் நத்தை ஓடு, நடுநடுவே நம்பர் போட்ட முளைகள். நீ செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு மனையைக் காலடியால் அளந்தாய். ஒரு குச்சியால் கோடு போட்டு, "அம்மா, இது உன் பூஜை அறை, உள்ளே வந்து நில்லு" என்று கூப்பிட்டாய். நான் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "தவளைங்க வாடகை கேக்க வரும்டா, நான் வரமாட்டேன்" என்றேன். ஜட்காக்காரன்கூடச் சிரித்தான். ஒரு மாதம் நான் விடாமல் நச்சரித்து, உன் அப்பாவின் ஆசையைத் தொலைத்தேன். ஏரித் தண்ணீருக்குப் பயந்து செய்ததாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன். நிஜம் என்னவென்றால், மயிலாப்பூரை விட்டால் குளத்தங்கரையில் எனக்குத் தெரிந்த நாலு முகம் இல்லாமல் போய்விடுமே என்று பயம். இன்று அந்த இடத்தில் பூங்காவும் கடைகளும் மின்சார விளக்குமாக இருக்கிறது. போன வருஷம் ஒரு கல்யாணத்துக்கு அந்த வழியாகப் போனோம். உன் அப்பா ஒரு வீட்டைக் காட்டி, "அதுதான்" என்றார்.

அந்த மனையை வாங்கியிருந்தால் நீ ஒருவேளை இங்கேயே இருந்திருப்பாய். அது இல்லாததால்தான் மலாயா வேலை வந்தபோது போகலாமா என்ற யோசனை வந்தது. அப்போதும் பூ வைத்தேன். அன்று ஒழுங்காக வைத்தேன், சத்தியம். வெள்ளை வந்தது. நீ குதித்தாய். துறைமுகத்தில் உன்னை ஏற்றிவிட்டு வந்து மூன்று வாரம் நான் அம்மன் கோவில் பக்கமே போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, அம்மன் மேல் கோபம். நேர்மையாகக் கேட்டேன், என் பிள்ளையை எடுத்துக்கொண்டாளே என்று. அந்தக் கோபம் ஆறிவிட்டது என்று நினைத்திருந்தேன். உன் வரைபடத்தைப் பார்த்ததும், இந்தத் தரம் அவளைக் கேட்கப் போவதில்லை, நானே பதில் சொல்லிவிடுகிறேன் என்று தீர்மானித்துவிட்டேன்போல் இருக்கிறது. அம்மனின் நாக்கை நான் வாங்கிப் பேசினேன். இத்தனை வருஷம் விளக்கேற்றியவள் செய்கிற காரியமா இது?

குப்பம்மா மட்டும் என்னை விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை கூடையைத் தூக்கிக்கொண்டே, "இன்னாம்மா, சாமி இன்னா சொல்லிச்சு?" என்றாள். வேண்டாம் என்று உத்தரவாயிற்று என்றேன். "அத்தத்தான் நீ மொத நாளே எங்கிட்ட வாங்கிக்கினு போயிட்டியே" என்றாள். பக்கத்தில் நின்றவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்கு முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து என் கணக்கு நோட்டைப் பார்த்தேன். அன்றைய தேதிக்கு நேராக 'அரளி ஒரு கூறு' என்றுதான் எழுதியிருக்கிறேன். நந்தியாவட்டை என்று சேர்த்து எழுதியிருக்கலாம். வாங்காததை எழுத எனக்குக் கை வரவில்லை. நோட்டுக்குக் காட்டிய யோக்கியதையை உனக்குக் காட்டவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் அப்பாவிடம் சொன்னேன். பேனாவைத் துடைத்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். பிறகு மெதுவாக, "நாப்பது வருஷமா உக்காந்து எழுதறேன். எத்தனையோ பேர் காசை நீட்டி, கள்ளப் பத்திரம் எழுதிக் குடுங்கன்னு கேட்டாங்க. ஒருத்தனுக்கும் எழுதலை. அம்மன் பேர்லே ஒண்ணை நீ தயார் பண்ணி, என் கையாலேயே என் பிள்ளைக்குத் தபால்லே போட வெச்சுட்டியேடி" என்றார். அவர் ஓங்கி நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். எழுந்து போய் வாசலில் நின்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "தந்தி குடுத்துடட்டுமா? 'வாங்கு'ன்னு ஒரே வார்த்தை" என்றார்.

எனக்கும் அது ஆசையாகத்தான் இருந்தது. ஒரு வார்த்தையில் தீர்ந்துபோகும், நீயும் வீட்டை வாங்கிவிடுவாய், நானும் நல்லவளாகவே இருந்துவிடுவேன். "அதுவும் உத்தரவாத்தானே போய்ச் சேரும்? அம்மன் மனசு மாறிட்டாள்னு நெனைச்சுப்பான். நான் செஞ்சது அவனுக்குத் தெரியவே தெரியாது" என்றேன். "அப்ப இன்னொரு தரம் ஒழுங்கா பூ வெச்சுப் பாரேன்" என்றார். அதற்கும் நான் ஒப்பவில்லை. சிவப்பு வந்தால் நான் சந்தோஷப்படுவேன், வெள்ளை வந்தால் மறுபடியும் அவளோடு சண்டை போடுவேன். இந்த மனசோடு நான் எந்தப் பொட்டலமும் கட்டக்கூடாது. அவர், "சாமியைக் கேட்டோம், என்னைக் கேட்டே, உன்னை நீயே கேட்டுக்கிட்டே. அந்த மாடிப்படி ஏறுறவளை யாராவது கேட்டோமா?" என்றார். நாம் கேட்கவில்லை, தம்பி. நீ கேட்டாயா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருக்கமாட்டாய் என்று நினைக்கிறேன். நீ என் பிள்ளை.

அதனால் உனக்குச் சொல்ல எனக்கு யோக்கியதை மிச்சம் இருக்கிற நாலு விஷயத்தை மட்டும் சொல்லுகிறேன். முதலில் கமலத்தைக் கேள். அவள் "உங்க இஷ்டம்" என்று சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே. நானும் அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் காரியத்தை என் பக்கம் திருப்பினேன், அவள் அப்படிச் சொல்லியே வாயை மூடிக்கொள்வாள். அவளை அந்த வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய், படத்தில் இல்லாமல் நிஜத் தரையில் நிற்க வைத்துக் கேள். வாங்குவதானால் பெருமழை பெய்த மறுநாள் காலையில் போய்ப் பார். வாசல் சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது, தூணுக்கு அடியில் ஈரம் எவ்வளவு உயரம் ஏறியிருக்கிறது என்று பார். நான் ஏரியைப் பார்த்துப் பயந்தது தப்பு என்றாலும், தண்ணீர் போகிற வழியைப் பார்ப்பது தப்பில்லை. இந்த நாளில் ஆபீசுகளில் ஆள் குறைக்கிறார்கள் என்று நீயே எழுதியிருந்தாய். ஆறு மாதச் சாப்பாட்டுக்கு வேண்டியதைக் கையில் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடு, வட்டிக்கடைப் பக்கம் போகாதே. பத்திரத்தில் கமலத்தின் பேரையும் சேர். உன் அப்பா, இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொன்னவர், நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தரம் வந்து, "நிலம் சொந்தமா, சர்க்கார் குத்தகையான்னு கேக்கச் சொல்லு. குத்தகைன்னா எத்தனை வருஷம் பாக்கி இருக்குன்னு கேக்கச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

கிழக்கு அறையைப் பற்றி ஒன்று. எங்களுக்காக அதைக் காலியாக வைத்துக்கொண்டு காத்திருக்காதே. பிறக்கப் போகிற குழந்தைக்குக் கொடு. நாங்கள் வந்தால் நடுவீட்டில் பாயைப் போட்டுப் படுத்துக்கொள்வோம். வருவோமா என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது. கப்பலில் ஆசாரமாகச் சமைத்துச் சாப்பிட முடியாது என்று இதுவரை சொல்லிவந்தேன். அதுவும் பாதி சாக்குத்தான்.

நீ என்னை மன்னித்துவிட்டேன் என்று உடனே எழுதிவிடாதே. உனக்கு அது சுலபம், எனக்கு அது உதவாது. கொஞ்ச நாள் கோபமாக இரு. கமலத்துக்கு என் மேல் வருத்தம் இருந்தால் அவளையே எழுதச் சொல், திருத்தாமல் அப்படியே அனுப்பு. அம்மனுக்கு நான் என்ன செய்து தீர்ப்பது என்பது அவளுக்கும் எனக்கும் உள்ள விஷயம்; இன்று சாயங்காலம் இந்தக் கடிதத்தை எல்லோருக்கும் படித்ததும் குருக்களிடம் அதைக் கேட்கப் போகிறேன். பட்டு அன்று என்னைக் கேட்ட கேள்விக்கும் அப்போதுதான் பதில் சொல்ல வேண்டும். அவள் எடுத்ததால்தான் மாமாவுக்கு வீடு போயிற்று என்று விசாலம் விளையாட்டாகச் சொல்லப்போக, குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு வாரமாகக் கோவிலுக்கு வரமாட்டேன் என்கிறாள்.

வியாழக்கிழமைக் கப்பல் தபாலில் இது சேர்ந்துவிடும். உன் கைக்கு வரும்போது பங்குனி பிறந்து சில நாள் ஆகியிருக்கும், பெரியவர் இன்னும் ஈப்போவில்தான் இருப்பார். வாங்கு என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லவில்லை. அம்மனும் சொல்லவில்லை, அவளை யாரும் கேட்கவே இல்லை. நீங்கள் இரண்டு பேரும் யோசித்து முடிவு பண்ணுங்கள். என்ன முடிவு பண்ணினீர்கள் என்பதை மட்டும் அடுத்த கப்பலிலேயே எழுதிவிடு, தம்பி. சீக்கிரம் பதில் போடு.